தறி ஓடும்போது சொன்னது

பிரியமுள்ள தம்பி, ஜெகந்நாதன் வாத்தியாரே,

எனக்கு உங்கள் மேல் கோபம்ங்க.

காரணம் பின்னால் வரும். இந்த வழியை நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். நாம் தமிழில் பேசும்போது கரண்ட் போனதனாலே, பாவு நூல் அறுந்ததனாலே, ஆள் வராததனாலே என்று ஒவ்வொன்றாகச் சாய்த்து வைத்துக்கொண்டே போய், கடைசியில்தான் 'தறி நின்னுபோச்சு' என்று நிற்க வைப்போம். இங்கிலீஷ்காரன் முதலிலேயே நின்றுவிட்டு, அப்புறம் 'பிகாஸ்' போட்டுச் சாய்ந்துகொள்வான் என்றீர்கள். "முதலாளிகிட்டப் பேசறதுக்கு அந்த வழிதானுங்க நல்லது, தறி நின்னதை மொதல்ல சொல்லிப்போடணும், இல்லீன்னா அவரு நாம சொல்ற காரணத்தைக் கேட்டே செத்துருவாரு" என்றேன். உங்களுக்கு டீ புரையேறிவிட்டது. அதனால் இன்றைக்கு உங்களிடமும் இங்கிலீஷ் வழியில்தான் பேசுகிறேன். கோபம் என்று முதலில் நின்றாயிற்று. இனி வருவதெல்லாம் சாய்கிற வாக்கியம்.

இதை எழுதுவது உங்கள் மகள் சரளா. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறது. "பேச்சுத் தமிழ்ல எழுதட்டுங்களா பெரியப்பா, எழுத்துத் தமிழ்லயா?" என்று கேட்டது. "புத்தகத்துல வர்றதுதானே அம்மணி, வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டே வரட்டும். ஆனா வேட்டிக்குள்ள ஆளை மாத்திப்போடாதே" என்றேன். உங்க அப்பனைத் திட்டப்போகிறேன், எழுதுவாயா என்றும் கேட்டேன். பேனா மூடியைக் கழற்றி, மாட்டி, திரும்பக் கழற்றி, "எழுதறேனுங்க" என்றது. உங்களைவிட அதற்குத் தைரியம் அதிகம்.

படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பல்லடத்தில் விசைத்தறி ஓட்டினவன். பேர் சென்னியப்பன். பள்ளிக்கூடப் படி ஏறினதில்லை. நான் வேலை செய்த தறிக்கூடத்தை ஒட்டினாற்போல உங்கள் டுடோரியல். பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் இங்கிலீஷில் போன பிள்ளைகளைக் கரையேற்றுகிற இடம். நடுவில் ஒரே ஒரு சுவர். சுவருக்கு மேல் கம்பி போட்ட ஒரு சந்து. காற்றுக்கு வைத்தது.

தறி ஓடும்போது அந்தச் சந்து இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பன்னிரண்டு தறி ஒன்றாக ஓடினால் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. நாங்கள் கையைக் காட்டித்தான் பேசுவோம். உதட்டைப் பார்த்தே பேச்சைத் தெரிந்துகொள்வோம். எனக்குப் படிக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். ஆனால் கரண்ட் போனால்? தறி ஒவ்வொன்றாக மூச்சு விட்டு அடங்கும். அடங்கின மறு நிமிஷம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் குரல் வந்து விழும். கரண்ட் இல்லாத ஒரு மணி நேரம் எங்கள் முதலாளிக்கு நஷ்டம், எனக்குப் பாடம்.

அப்படித்தான் ஒருநாள் கேட்டீர்கள். "'வென் த ரெயின் ஸ்டாப்டு.' மழை நின்றபோது. இது முழு வாக்கியமாடா?" ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சந்துப் பக்கம் பார்த்து, "மழை நின்னு என்னாச்சுன்னு சொல்லவே இல்லீங்களே, அது எப்படீங்க முழுசாகும்?" என்றேன். அந்தப் பக்கம் வகுப்பே சிரித்தது. நானும் இந்தப் பக்கம் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் திரும்ப வருகிறேன்.

மறுநாள் காலையில் தறிக்கூடத்து வாசலில் வந்து நின்றீர்கள். "ஏனுங்கண்ணா, நேத்து அந்தப் பக்கமிருந்து பதில் சொன்னது நீங்கதானுங்களா?" படித்த மனுஷன், பேண்ட் சட்டை போட்டவர், என்னை அண்ணா என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் முக்கு டீக்கடை. அன்றைக்கு நடத்தப்போகிற பாடத்தை முதலில் என்னிடம் சொல்வீர்கள். எனக்குப் புரிந்தால் வகுப்புக்குப் போவீர்கள். புரியாவிட்டால் அன்றைக்கு அந்தப் பாடம் கிடையாது, வேறு ஏதாவது நடத்துவீர்கள். எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உங்களுக்குத் தெரியுமா? என் தம்பி ஒருத்தன் வாத்தியார் என்று சம்பந்தி வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அந்த எழுந்து போகிற சோதனை எப்படி வந்தது என்று உங்களுக்கு மறந்திருக்காது. எனக்கு அன்றைக்கு யார் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது வரைக்கும் நினைவிருக்கிறது. தனியாக நிற்கிற மெயின் கிளாஸ் வாக்கியம் எது, தனியாக நிற்க முடியாத சப்பார்டினேட் கிளாஸ் வாக்கியம் எது, இதை எப்படிச் சொன்னாலும் பசங்களுக்கு ஏறவில்லை என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தீர்கள். எதிர்ப் பெஞ்சில் கோழிப்பண்ணைக்காரர். அவருக்கு எதையும் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்புகிற பழக்கம். "அந்தக் கறிக்கோழி வண்டி மட்டும் நேத்து நேரத்துக்கு வந்திருந்தா" என்றார், மொபெட் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் எட்டி அவர் துண்டைப் பிடித்து இழுத்தார். "வந்திருந்தா என்ன, சொல்லிப்போட்டுப் போங்க. ராத்திரிக்குத் தூக்கம் வராது."

நான் உங்கள் தொடையில் தட்டினேன். "அவ்வளவுதானுங்க வாத்தியாரே. சொல்லிப்போட்டு எந்திரிச்சுப் போய்ப் பாருங்க. விட்டுட்டாங்கன்னா அது நிக்கிற வாக்கியம். துண்டைப் புடிச்சு இழுத்தாங்கன்னா அது சாயிற வாக்கியம்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தே போய்விட்டீர்கள். அன்றைக்குக் கரண்ட் போனபோது கேட்டேன். பையன்களை ஒவ்வொருத்தனாக எழுப்பி, ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வாசல் வரைக்கும் நடக்கச் சொன்னீர்கள். மற்றவர்கள் 'அப்புறம்?' என்று கத்தினால் அவன் திரும்பி வந்து உட்கார வேண்டும். ஒரே கூத்து. அந்த வருஷம் உங்களிடம் படித்த அத்தனை பேரும் தேறினார்கள். அப்புறம் பல்லடம் முழுக்க அது உங்கள் முறையாகிப்போனது. சரளாகூட இப்போது பீளமேட்டுக் காலேஜில் பாடம் நடத்தும்போது அதையேதான் செய்கிறதாம். எங்கப்பா கண்டுபிடிச்சது என்றுதான் பிள்ளைகளிடம் சொல்லுமாம்.

அதற்கெல்லாம் எனக்குக் கோபம் இல்லை. டீக்கடையில் சொன்னதற்கு யார் பட்டா வாங்குகிறார்கள்?

கோபம் போன மாசம் வந்தது.

நீங்கள் கண்ணை மூடி, வருகிற மாசியோடு ஒரு வருஷம் ஆகிறது. உங்கள் பழைய மாணவர்கள் ஒரு நினைவுப் புத்தகம் போடுகிறார்கள். வருஷ நாளன்று அந்தப் பழைய டுடோரியல் அறையிலேயே கூட்டம் வைத்து அதைக் கொடுக்கப்போகிறார்கள். சரளாதான் எல்லாவற்றையும் சேர்க்கிறது. "நீங்களும் ஒரு பக்கம் சொல்லுங்க பெரியப்பா, நான் எழுதிக்கறேன்" என்று வந்தது. "மத்தவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு படி அம்மணி, கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். படித்துக்கொண்டே வந்தது. நல்ல நல்ல வார்த்தைகள். மோகன் என்பவர் எழுதின பக்கம் வந்ததும் குரல் இறங்கிவிட்டது. பக்கத்தைத் திருப்பப் பார்த்தது.

"ஏன் நிறுத்தறே?"

"ஒண்ணுமில்லீங்க. இது வேண்டாமுங்க."

"படி."

படித்தது. மோகனுக்கு இப்போது ஐம்பது வயதுக்குமேல் இருக்கும், பீளமேட்டில் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாராம். உங்கள் மேல் உயிரையே வைத்து எழுதியிருந்தார். அவர் எழுதினபடியே சொல்கிறேன்: எங்கள் சார் ஒருநாளும் பிரம்பை எடுத்ததில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் அவர் பிரம்பு. "பக்கத்துத் தறிக்கூடத்துல ஒரு கைநாட்டு இருக்கறான், அவனுக்கே இது புரியுது. உங்களுக்கு என்னடா கேடு?" என்பார். தறிச் சத்தத்தில் அந்த ஆளுக்குக் கேட்காது என்று சாருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கரண்ட் போனால் சாரின் குரலே மாறிவிடும். "அண்ணா, நீங்க சொல்லுங்க" என்பார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அந்த நாட்கள் இனி வருமா?

இதுதான் அந்தப் பக்கம். ஒரு எழுத்து கூட்டிச் சொல்லவில்லை.

வாத்தியாரே, தறி ஓடும்போது நான் கைநாட்டு. தறி நின்றால் நான் அண்ணா. அப்படித்தானுங்களா?

எனக்கு எழுதத் தெரியாது, அதனால் எதையும் எழுதி வைத்து மறக்கவும் தெரியாது. ஒரு தடவை கேட்டது அப்படியே கிடக்கும். இதை நீங்களே எத்தனை பேரிடம் சொல்லிச் சிலாகித்திருக்கிறீர்கள். அந்த நினைவுதான் இப்போது என்னைக் கொல்கிறது. நான் சந்தைப் பார்த்துப் பதில் சொன்ன ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் எழுந்த சிரிப்பு எனக்குத் தனித்தனியாக ஞாபகம் இருக்கிறது. அத்தனை வருஷம் அதைச் சந்தோஷம் என்று நினைத்து வைத்திருந்தேன். பொங்கலுக்கு முந்தின நாள் சிரித்தது, மழையில் ஓடு ஒழுகினபோது சிரித்தது, நான் 'சப்பார்டினேட்' என்பதை வாயில் நுழையாமல் சொல்லித் தடுமாறினபோது சிரித்தது. ஒவ்வொன்றாக எடுத்து, இது வாயைப் பொத்தின சிரிப்பா, பொத்தாத சிரிப்பா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த வயதில் எனக்கு இது ஒரு வேலையா? நடுவில் அந்தச் சுவர் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் முதல் நாளே உங்கள் உதட்டில் அந்த வார்த்தையைப் பார்த்திருப்பேன்.

இன்னொன்றும் இப்போதுதான் உறைக்கிறது. எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுங்கள் என்று உங்களிடம் மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை, "எழுத்து வந்துட்டா காது மங்கிப்போயிருமுங்கண்ணா. எனக்கு உங்க காது வேணும்" என்றீர்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தறிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இரண்டாவது தடவை, பொங்கல் முடியட்டும் என்றீர்கள். எந்தப் பொங்கல் என்று சொல்லவில்லை. மூன்றாவது தடவை நான் கேட்டபோது சிரித்துவிட்டு என் டீக்கும் சேர்த்துச் சொன்னீர்கள். ஊரில் அத்தனை பிள்ளைகளுக்கும் இங்கிலீஷ் கற்றுத் தந்தவருக்கு, எனக்கு 'அ' சொல்லித் தர ஒரு காலை நேரம் கிடைக்கவில்லை. நான் படித்துவிட்டால் நாளைக்கு யாரைக் காட்டி அவர்களைத் திட்டுவீர்கள்? 'பக்கத்தில் ஒரு படித்தவன் இருக்கிறான், அவனுக்கே புரியுது' என்றால் எவனுக்கு ரோஷம் வரும்?

என் மேலும் தப்பு இருக்கிறது. என் பேத்தியிடம் கேட்டிருந்தால் ஒரு லீவுக்குள் சொல்லிக் கொடுத்திருப்பாள். கற்றுக்கொண்டால் என் தம்பி வாத்தியாரிடம்தான் என்று வீம்பாக இருந்துவிட்டேன்.

அன்றைக்குச் சரளாவிடம், "இந்தப் புத்தகத்துல என் பேரே வேண்டாம், எந்திரிச்சுப் போ அம்மணி" என்று சொல்லிவிட்டேன். அது அழுதுகொண்டே பஸ் ஏறியது. அதை நான் வைதிருக்கக் கூடாது. ஆனால் வைவதற்கு நீங்கள்தான் இல்லையே, எங்கே போய் வைவேன்?

நாலு நாள் கழித்து அந்த மோகன் வந்தார். காரில். கையில் மைசூர்பாகு டப்பா. நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "ஐயா, அது தமாஷுக்குச் சொல்றதுங்க. சார் மனசுல ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

"தமாஷ்னா நானும் சிரிச்சிருக்கணுமே தம்பி?"

"அன்னிக்குத் தறி ஓடிட்டு இருந்துச்சுங்களே. உங்களுக்குக் கேட்டிருக்காதுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்க ஆபீஸ்ல உள்ள போறதுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"மிஷின்ல வெரல் வெக்கணுமுங்க. கட்டைவிரல்."

"தினமுமா?"

"போறப்பவும் வர்றப்பவுமுங்க."

"நான் ரேஷன் கடைக்கு மாசத்துக்கு ஒருக்காத்தான் வெக்கறேன். அப்ப நம்ம ரெண்டு பேருல யாரு தம்பி பெரிய கைநாட்டு?"

மனுஷன் சிரித்துவிட்டார். வாயைப் பொத்தாத சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்தப் பக்கத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றார். எடுக்கக் கூடாது என்றேன். என்னைப் பற்றி உங்கள் சார் சொன்னதில் நான் கேட்டிராதது அது ஒன்றுதான், அதையும் எடுத்துவிட்டால் எப்படி?

பத்து நாள் கழித்துச் சரளா திரும்ப வந்தது. கையில் பை. பைக்குள் உங்கள் பாட நோட்டுகள். பீரோவுக்கு மேலே துணி சுற்றி வைத்திருந்தீர்களாமே. "பெரியப்பா, உங்களுக்குக் காட்டோணும்" என்றது. கொங்கு நாட்டுப் பெண்ணல்லவா, கோபித்து அனுப்பினாலும் வெறுங்கையோடு வராது. தோட்டத்து முருங்கைக்காயும் கொண்டுவந்திருந்தது.

படித்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் அடியில் பச்சை மையில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களாம். 'அண்ணாவுக்குப் புரிந்தது.' அடுத்த பாடம், 'அண்ணாவுக்குப் புரிந்தது.' ஓரிடத்தில், 'அண்ணாவுக்குப் புரியவில்லை. குறை என்னுடையது. நாளை வேறு மாதிரி சொல்ல வேண்டும்.'

எந்தப் பாடம் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த 'ஹூ' வருகிற பாடம். 'த மேன் ஹூ இஸ் ஸ்டாண்டிங் தேர் இஸ் மை பிரதர்.' அங்கே நிற்கிற ஆள் என் அண்ணன். நம் பேச்சில் 'அங்கே நிற்கிற' என்பது ஆளுக்கு முன்னாடியே வந்துவிடுகிறது, இங்கிலீஷில் ஆளைச் சொல்லிவிட்டு நடுவில் எதற்கு ஒன்றைச் செருகுகிறான், அப்புறம் மிச்சத்தைச் சொல்கிறான் என்று எனக்கு இரண்டு நாள் விளங்கவே இல்லை. மூன்றாம் நாள் நானேதான் சொன்னேன். "மொபெட்ல புருசன் பொண்டாட்டி போறாங்க, நடுவுல குழந்தை உக்காந்திருக்குது. குழந்தையை எறக்கி உட்டாலும் வண்டி போகுமுங்களே. அந்த மாதிரியா?" நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். அங்கே நிற்கிற ஆள் என் அண்ணன் என்று அன்றைக்கு நீங்கள் எத்தனை தடவை சொன்னீர்கள், இங்கிலீஷில். பாடத்துக்காகத்தான் சொன்னீர்களா?

அப்புறம் சரளா அந்த எழுந்து போகிற சோதனைப் பக்கத்தை எடுத்தது. அதற்கு அடியில், 'இது அண்ணா சொன்னது. என்னுடையது அல்ல' என்று இருக்கிறதாம். படித்துவிட்டு அது தேம்பித் தேம்பி அழுதது. நான் அழவில்லை. எனக்குக் கோபம் இரண்டு பங்கானது.

ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள். என்னை வைததை எனக்குக் காது கேட்காத நேரமாகப் பார்த்துச் சொன்னீர்கள். என்னைப் பாராட்டினதை எனக்குப் படிக்கத் தெரியாத இடமாகப் பார்த்து எழுதினீர்கள். இரண்டில் ஒன்றையாவது எனக்கு எட்டுகிற மாதிரி செய்திருக்கக் கூடாதா? கரண்ட் கட்டு எத்தனை வந்தது. ஒரே ஒரு கரண்ட் கட்டில், அந்தப் பையன்கள் காதுபட, 'இது அண்ணா சொன்னது' என்று வாயால் சொல்லியிருந்தால் போதுமே. என்ன குறைந்துபோயிருக்கும்? வெட்கமா? கைநாட்டிடம் பாடம் கேட்டீர்கள் என்று தெரிந்தால் சேர்க்கை குறையும் என்ற பயமா? எதுவாக இருந்தாலும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நீங்கள் கோழிப்பண்ணைக்காரர் மாதிரி பாதியில் எழுந்து போய்விட்டீர்கள். எட்டிப் பிடிக்க எனக்குத் துண்டு நுனிகூட அகப்படவில்லை.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. சரளா நோட்டுகளை என்னிடமே விட்டுவிட்டுப் போன பிறகு கயிற்றுக் கட்டிலில் படுத்து யோசித்தேன். அந்தப் பெண்ணுக்கு அப்பா மேல் பாசம். பெரியப்பா மேலும் பாசம். நான் கோபித்துக்கொண்டதில் அதற்குப் பத்து நாள் சோறு இறங்கியிருக்காது. இல்லாத ஒரு வரியை இருக்கிற மாதிரி படித்துக் காட்டி என்னைச் சமாதானம் பண்ணியிருந்தால்? எனக்கு எப்படித் தெரியும்?

இந்த இடத்தில் சரளா எழுதுவதை நிறுத்திவிட்டது. "எழுது அம்மணி. உன்னைச் சந்தேகப்பட்டதையும் உன் கையாலயே எழுது" என்று சொல்லியிருக்கிறேன். எழுதுகிறது.

படித்தவர்களுக்கு இது விளங்காது வாத்தியாரே. ஆயுசு பூராவும் அடுத்தவர் வாயால்தான் படித்தேன். பத்திரம், ஆஸ்பத்திரிச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, பஸ் போர்டு எல்லாமே யாரோ சொல்ல, நம்பினேன். யாரும் ஏமாற்றவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நினைக்கிறேன் அவ்வளவுதான். இந்த நோட்டை வேறு யாரிடமாவது காட்டிக் கேட்டு உறுதி பண்ணலாம். செய்ய மாட்டேன். நீங்கள் எனக்குத் தம்பியா, என்னைப் பிரம்பாக வைத்திருந்தீர்களா என்பதை மூன்றாம் ஆள் வாயால் தெரிந்துகொள்ள எனக்கு இஷ்டமில்லை.

அதனால் மறுநாள் போன் போட்டுச் சரளாவைக் கூப்பிட்டேன். "அந்த வரியில மொத்தம் எத்தனை எழுத்து அம்மணி?" திரும்பத் திரும்ப வருவதை விட்டுவிட்டால் பதினாலு என்றது. "எனக்கு அந்தப் பதினாலு மட்டும் போதும். சொல்லிக் குடு."

"எல்லாத்தையுமே கத்துக்கலாமுங்க பெரியப்பா. மெதுவாத்தான்."

"மாசிக்குள்ள எனக்கு மெதுவா ஏது? பதினாலு."

ஞாயிற்றுக்கிழமை தோறும் வருகிறது. பாவு தீர்ந்தால் பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகப் பிணைத்த கை இது, ஆயிரக்கணக்கில் பிணைத்தும் ஒன்றுகூடத் தப்பாது. ஆனால் பேனாவைப் பிடித்தால் 'ணா' கோணிக்கொண்டு ஓடுகிறது. என் பேத்தி பார்த்துவிட்டு, "அய்யன் கோழி கிளறின மாதிரி எழுதுதுங்கோ" என்கிறாள். இருக்கட்டும்.

ஊர்ச் செய்தி சொல்கிறேன். நம் பக்கத்துத் தறிக்கூடம் இப்போது வேறு ஒருத்தர் கையில் இருக்கிறது. இப்போதெல்லாம் கரண்ட் போவதே இல்லைங்க. போனாலும் ஜெனரேட்டர் உடனே எடுத்துக்கொள்கிறது. நீங்கள் இன்றைக்கு உயிரோடு இருந்து அங்கே பாடம் நடத்தினால் எனக்கு ஒரு வார்த்தை காதில் விழாது. அந்தச் சந்துக்கு எதிரில் நான் நின்றுகொண்டிருப்பேன், நீங்கள் என்னைக் கைநாட்டு என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அதை நினைத்தாலும் கோபம்தான் வருகிறது. தறிக்கூடத்துக்காரரிடம் போய்ப் பேசிவிட்டேன். "ஏனுங்க, மாசியில ஒருநாள் சாயங்காலம் அரை மணி நேரம் தறியை நிறுத்தித் தரணுமுங்க" என்று கேட்டேன். எதற்கு என்றார். "பக்கத்து ஊட்டுல ஒரு பேச்சு பாக்கி இருக்குதுங்க" என்றேன். நல்ல மனுஷன், சரி என்றுவிட்டார்.

ஆக, இதுதான் நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. வருஷ நாளன்று அந்த அறைக்கு வருவேன். சுவருக்கு இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம், உங்கள் பெஞ்சில் வந்து உட்காருவேன். தறி நிற்கும். மோகன் எழுந்து, நீங்கள் சொன்ன அந்த வார்த்தையை, கைநாட்டு என்பதை விடாமல், என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்ல வேண்டும். நான் அதைக் காதால் கேட்க வேண்டும். சரி என்று சொல்லியிருக்கிறார், போனில் அவர் குரல் சரியாக இல்லை. அது முடிந்ததும் எல்லார் முன்னாலும் நோட்டைக் கையில் எடுப்பேன். சரளா படிக்காது. நான் படிப்பேன். அந்த வரி இருந்தால் அதை எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்வேன். இல்லாவிட்டால் இல்லை என்பதையும் அதே குரலில் சொல்வேன். சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்கு நடப்பேன். யாரும் என் துண்டைப் பிடித்து இழுக்காத மாதிரி முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் நடப்பேன்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பதினாலில் ஆறு எழுத்து வந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டை மடியில் வைத்துத் திருப்பினேன். பக்கத்தில் யாரும் இல்லை. பச்சை மை இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் இருக்கிறது. அதில் முதல் மூன்று எழுத்தை விரல் வைத்துக் கூட்டிப் பார்த்தேன். அ. ண். ணா.

அடுத்த பக்கம் திருப்பினேன். அங்கேயும் அதுதான். அதற்கடுத்த பக்கமும் அதுதான்.

அந்த மட்டும் சரளா பொய் சொல்லவில்லை. அதற்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று இன்னும் படிக்க வரவில்லை. கோபம் அப்படியேதான் இருக்கிறது. மாசிக்கு வாரேன்.

சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உங்கள் அண்ணா
சென்னியப்பன்

நான் சொல்லச் சொல்ல எழுதியது சரளா. பேருக்கு மேலே இருக்கிற 'அண்ணா' மட்டும் என் கை எழுத்து. கோணலாக இருந்தால் அப்படியே அச்சடிக்கவும்.